பெஞ்சில் நெஞ்சைச் சாய்த்துச் செய்யும் பார்பெல் ரோ முதுகை வளர்க்குமா? எப்படிச் செய்வது?

பெண்ட் ஓவர் ரோ, அதாவது குனிந்து நின்று எடை மாட்டிய பாரை இழுக்கும் பயிற்சி, செய்யும்போது முதுகுக்கு முன்னால் இடுப்பு களைத்துவிடுகிறது, அதனால் இதற்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாறலாம். எனக்கும் இதே தொல்லைதான். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) செய்த மறுநாள் குனிந்து நின்று பாரை இழுத்தால், மேல்முதுகு சூடாவதற்குள் கீழ்முதுகு கையை விரித்துவிடும். நெஞ்சைப் பெஞ்சில் கொடுத்துவிட்டால் உடம்பைத் தாங்கும் வேலை பெஞ்சுக்குப் போய்விடுகிறது. லேட்ஸ் (முதுகின் இருபக்கமும் உள்ள அகன்ற தசை), தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள், பின்தோள், கூடவே பைசெப்ஸ், இவைதான் இழுத்தாக வேண்டும்.

பெஞ்சை 30 முதல் 45 டிகிரி வரை சாய்த்து, மோவாய் மேல் விளிம்பைத் தாண்டி இருக்கும்படி குப்புறப் படுத்து, காலை நன்றாக ஊன்றிக்கொள்ளுங்கள். கை தொங்கும்போது தோள்பட்டையையும் சேர்த்து முன்னால் போக விடுங்கள், பலர் விடுவதில்லை. அப்புறம் கையால் இழுக்கிறோம் என்பதை மறந்து, முழங்கையைப் பின்னால் தள்ளுவதாக நினைத்து இழுத்து, மேலே ஒரு நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். முழங்கை விலாவை ஒட்டி வந்தால் லேட்ஸுக்கு வேலை அதிகம், அகன்று போனால் மேல்முதுகுக்கு.

எடை விஷயத்தில் நான் ஏமாந்தேன். குனிந்து இழுத்த அதே 60 கிலோவை இங்கேயும் மாட்டி, பிரமாதமாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மொபைலில் வீடியோ எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு ரெப்புக்கும் (ஒரு தடவை இழுத்து இறக்குவது) நெஞ்சு பெஞ்சை விட்டு எழும்புகிறது, கரையில் போட்ட மீன் மாதிரி துள்ளுகிறேன்! 40 கிலோவுக்கு இறக்கிய பிறகுதான் முதுகுத் தசை வேலை செய்வதே தெரிந்தது. இப்போது 3 செட் (சுற்று), ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 ரெப்.

இரண்டு எரிச்சல்கள் உண்டு. நெஞ்சு அழுந்துவதால் மூச்சு திணறும், பார் கீழே இருக்கும்போது மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பார் பெஞ்சின் அடியில் டங்கென்று இடித்து, கடைசி இரண்டு அங்குலம் இழுக்க விடாது. பெரிய பிளேட் என்றால் கை முழுதாக நீளும் முன்பே தரையும் தட்டும். அதற்குச் சின்ன பிளேட்டுகளாக மாட்டினால் போதும். மேலே இடிப்பதற்குச் சாதாரண நேரான பாரில் வழியில்லை, ரொம்பத் தொந்தரவாக இருந்தால் டம்பெல்லுக்கு மாறிவிடுங்கள், நான் வாரத்தில் ஒரு நாள் அப்படித்தான் செய்கிறேன்.