அது அவங்க சாமியா, நம்ம சாமியா?

ஐயா, வணக்கம்.

நாங்கள் ஆந்திராவில் நகரிப் பக்கம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டு பாஷையும், மகளுக்குப் பள்ளியில் தெலுங்கு. புரட்டாசிதோறும் அலிபிரியிலிருந்து நடந்தே திருமலை ஏறுவோம். இந்த முறை ஒன்பது வயது மகளையும் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறோம். "அங்கே போர்டெல்லாம் தெலுங்கு. அப்போ அது அவங்க சாமியா, நம்ம சாமியா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது? ஸ்ரீவாரி மெட்டு வழி சுருக்கம் என்கிறார்களே, குழந்தைக்கு அது நல்லதா?

ஒரு வாசகி, நகரி

அன்புள்ள சகோதரி,

ஸ்ரீவாரி மெட்டு சுருக்கம்தான். 2,388 படி, இரண்டு கிலோமீட்டர் சொச்சம். அலிபிரி வழியில் சுமார் 3,550 படி, ஒன்பது கிலோமீட்டர். இருந்தாலும் அலிபிரியிலேயே கூட்டிப்போங்கள். மகளின் கேள்விக்குப் பதில் அந்த வழியில்தான் இருக்கிறது.

காலி கோபுரம் தாண்டி, சமதரையெல்லாம் நடந்து முடித்தபின், கடைசியில் செங்குத்தாக ஓர் ஏற்றம் வரும். முழங்கால் முறிச்சான் என்பார்கள். மலையே ஆதிசேஷன், அதில் கால் படக்கூடாது என்று ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்பது வைணவ மரபு. பின்னாளில் தெலுங்குக் கீர்த்தனைகள் பாடிய அன்னமய்யா, சிறுவனாகத் தாள்ளபாக்கத்திலிருந்து ஓடிவந்து பசியில் சுருண்டு படுத்ததும் அங்கேதான் என்கிறார்கள் தெலுங்கர்கள். செருப்போடு ஏறியவனை அலமேலுமங்கைத் தாயார் எழுப்பி, செருப்பைக் கழற்றச் சொல்லி, சோறு கொடுத்தாளாம். அவன் அங்கேயே அவள்மேல் சதகம் பாடினானாம். இரண்டு கதையையும் அந்தப் படியிலேயே உட்காரவைத்துச் சொல்லுங்கள். அவள் வயதுக்கு அன்னமய்யாவைத்தான் அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கோயிலுக்குள்ளும் அப்படித்தான். கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். கருவறை வாசலில் இருப்பது சேர அரசர் குலசேகர ஆழ்வார் பெயரிலான படி. மார்கழியில் விடியற்காலை சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவைதான். அதே கோயிலில்தான் அன்னமய்யாவின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறித்துப் பல நூற்றாண்டு காப்பாற்றப்பட்டன. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு "மலை எங்களுடையது" என்று யார் சொன்னாலும், தமிழர் சொன்னாலும் சரி, தெலுங்கர் சொன்னாலும் சரி, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1960 இல் மாநில எல்லையை மாற்றியபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவில் நின்றன. அதனால் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வரும் ஆந்திரக் காவடிகள் நின்றுவிடவில்லையே! உங்கள் மகளுக்கு இரண்டு பாஷையும் தெரியும். திருமலையில் காதில் விழுவதெல்லாம் முழுசாகப் புரியப்போவது அவளுக்குத்தான். "நம்ம சாமிதான், அவங்க சாமியும்தான்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், குழந்தையோடு புரட்டாசிச் சனிக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் அவள் எதையும் பார்க்க மாட்டாள். முடிந்தால் மார்கழியில் போங்கள். வெளிச்சம் வந்தபிறகு ஏறத் தொடங்கி, மதியத்துக்குள் மேலே போய்விடுங்கள். 2023 ஆகஸ்டில் அந்த வழியில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றதிலிருந்து குழந்தைகளைப் பிற்பகலில் விடுவதில் கட்டுப்பாடு வந்தது. கையை விடாதீர்கள், கூட்டத்தோடேயே நடங்கள்.

மேலே சாப்பாடு தரிகொண்ட வெங்கமாம்பா அன்னதானக் கூடத்தில். அந்த அம்மாள் யார் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்தத் தெலுங்குக் கவிஞரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் அவளே உங்களுக்குச் சொல்வாள்.