மட்டக்களப்பு ‘பார் வீதி’யில் உள்ள ‘பார்’ எது? ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

‘பார்’ என்றால் அடிப்படையில் நீளமான, உறுதியான கட்டை அல்லது கம்பி. படலைக்குக் குறுக்கே போடும் மரக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீள வடிவம் இருக்கிறது, வழியை மறிக்கும் வேலையும் இருக்கிறது. பெரும்பாலான பொருள்கள் இந்த இரண்டிலிருந்தே கிளைத்தன.

பார் சவர்க்காரமும் சொக்லேட் பாரும் வடிவத்தால் வந்தவை. மறிப்பால் வந்தவைதான் சுவையானவை. இங்கிலாந்து நீதிமன்றங்களில் இருந்த மரத்தடுப்பருகே நின்று வாதாட அனுமதி பெற்றவர் பாரிஸ்டர். பிறகு சட்டத்தரணிகள் எல்லாருக்குமே ‘பார்’ பொதுப்பெயரானது. மதுக்கடையில், விற்பவரையும் குடிப்பவரையும் பிரித்த மேசைத்தடுப்பின் பெயர் கடைக்கே போய்விட்டது.

நம்மூர்ப் பார் கடலோடிகளின் சொல். வாவி கடலைச் சேரும் முகத்துவாரத்தில் அலைகள் மணலைக் குறுக்கே கொண்டுவந்து குவிக்கும். மழையில்லாத மாதங்களில் அதைத் தள்ளும் வேகம் வாவி நீருக்கு இருக்காது; மணல்மேடு வளர்ந்து வாயையே அடைக்கும். மாரியில் வெள்ளம் ஏறினால் அதை வெட்டிவிடுவார்கள். வள்ளங்களையும் கப்பல்களையும் மறிக்கும் அந்த மணல்மேடுதான் ‘பார்’. 1913இல் கட்டிய பாலமீன்மடு வெளிச்சவீடு அந்த முகத்துவாரப் பக்கம்தான் நிற்கிறது. பார் வீதி போவதும் அங்கேதான்.

காற்றழுத்த அலகான ‘பார்’ மட்டும் இந்தக் குடும்பமில்லை. அது எடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

மதுக்கடைகளால்தான் பார் வீதிக்கு அந்தப் பெயர் வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு, பெயர் மணல்மேட்டுடையது.