சர்ச்சுக்கு வராவிட்டால் அபராதம்

அன்புள்ள ஐயா,

போப்பின் பிடியிலிருந்து மனசாட்சியை மீட்டவர்கள் புராட்டஸ்டண்டுகள் என்றுதான் பள்ளியில் படித்தோம். அந்த நாடுகளிலேயே சர்ச்சுக்கு வராதவர்களைத் தண்டித்தார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவே சட்டம் இருந்ததா?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

இருந்தது. இங்கிலாந்தையே பார்ப்போம். முதலாம் எலிசபெத் பட்டமேறிய மறு ஆண்டே, 1559-இல், ஞாயிறும் பண்டிகை நாளும் ஊர் சர்ச்சுக்கு வராதவருக்குத் தடவைக்கு 12 பென்ஸ் அபராதம் என்று சட்டம் வந்தது. ஒரு கூலியாளின் நாள் கூலிக்கும் அதிகம். சர்ச் நிர்வாகிகள் அதை வசூலித்து ஊர் ஏழைகளுக்குத் தர வேண்டும். தினமும் முகம் பார்க்கிற அண்டை வீட்டுக்காரரிடம் போய் யார் கேட்பது? பல இடங்களில் கண்டும் காணாமல் விட்டார்கள்.

1570-இல் போப் ஐந்தாம் பயஸ், எலிசபெத்துக்கு யாரும் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்தார். அதோடு சர்ச்சுக்கு வராதவர் ராஜத்துரோகியோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. 1581-இல் அபராதம் மாதம் 20 பவுண்டு. மாதத்துக்கு 28 நாள் கணக்கு, ஆக ஆண்டுக்கு 260 பவுண்டு. பெரிய நிலக்கிழார்களே ஆட்டம் கண்ட தொகை அது.

மனதில் என்ன இருக்கிறது என்று சட்டம் கேட்கவில்லை. ஆள் வந்தாரா, அவ்வளவுதான். கத்தோலிக்கக் குடும்பங்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டன. கணவர் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். மனைவி வீட்டிலேயே ஜெபமாலையோடு பிள்ளைகளைப் பழைய மதத்தில் வளர்ப்பார். சொத்தெல்லாம் கணவர் பெயரில். மனைவியிடம் பறிமுதல் செய்ய என்ன இருக்கிறது? கெட்டிக்காரத்தனம்தான். 1610-இல் அந்த ஓட்டையையும் அடைத்தார்கள்: கணவர் மாதம் 10 பவுண்டு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மனைவிக்குச் சிறை.

யார்க் நகரத்துக் கசாப்புக் கடைக்காரரின் மனைவி மார்கரெட் கிளித்தரோவும் அப்படித்தான் வீட்டில் இருந்தவர். கணவர் சர்ச்சுக்குப் போனார். இவர் வீட்டில் கத்தோலிக்கப் பாதிரியார்களை ஒளித்து வைத்தார். 1585 சட்டப்படி அதற்கு மரண தண்டனை. விசாரணை நடந்தால் சொந்தப் பிள்ளைகளைச் சாட்சிக்கு இழுப்பார்கள் என்று, குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கே பதில் சொல்ல மறுத்தார். அப்படி மறுத்ததற்காக 1586 மார்ச் 25 அன்று அவரைக் கிடத்தி, மேலே ஒரு கதவைப் போட்டு, அதன்மேல் பாரம் ஏற்றிக் கொன்றார்கள்.

சரி, கத்தோலிக்கர்களை மட்டும்தான் இப்படிச் செய்தார்களா என்றால், இல்லை. அரசின் சர்ச்சை ஏற்காமல் தனிச் சபை கூட்டிய ஹென்றி பாரோ, ஜான் கிரீன்வுட் இருவரும் புராட்டஸ்டண்டுகள். 1593-இல் தூக்கில் போட்டார்கள். இவர்களைப் போன்றவர்களுக்கு 1689-இல் விலக்கு கிடைத்தது. கத்தோலிக்கர்கள் சட்டப்படி பூசை வைக்க 1791 வரை காத்திருந்தார்கள்.