கடலுக்கு அடியில் துளை போட்டுச் சேறு எடுப்பதால் யாருக்கு என்ன பயன்?

கேள்வியோடு ஒரு கப்பலின் படமும் இருக்கிறது. நடுவில் கோபுரம் மாதிரி இரும்புச் சட்டம், பெயர் 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்'. "எண்ணெயும் இல்லை, எரிவாயுவும் இல்லை, வெறும் சேற்றுக்காக வருஷத்துக்குப் பல கோடி டாலர் செலவழித்தார்களாமே, தேவையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சேற்றில் ஆறு வருஷம் கை வைத்தவள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருச்செங்கோடு. அப்பா முப்பது வருஷம் போர்வெல் வண்டியில் டிரில்லர். கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரா என்று வண்டியோடு சுற்றியவர். கடல் மண்ணைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறேன் என்று முதலில் சொன்னபோது அவர் கேட்டது தொழில்காரர் கேள்வி. "ஏஞ்சாமி, ஒன்றரை கிலோமீட்டர் தண்ணிக்குள்ள ராடு எறக்கறாங்கன்னா அத்தனை அடிக்குக் காத்து எப்புடி அடிப்பாங்க? தூளு மேல எப்புடி வரும்?"

போர்வெல்லில் ஹேமர் பாறையை உடைக்கும், கம்ப்ரசர் காற்று அந்தத் தூளை மேலே தள்ளும். தூளின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பாறையில் இறங்குகிறோம் என்று அப்பா சொல்லிவிடுவார். ஆனால் அந்தத் தூளில் வரிசை இருக்காது. எது முதலில் படிந்தது, எது பிறகு வந்தது என்பதெல்லாம் கலைந்துபோயிருக்கும். எங்களுக்கு வேண்டியது அந்த வரிசைதான். கடலின் தரையில் மேலே இருப்பது நேற்றைய மண், கீழே போகப் போகப் பழைய மண். ஆழ்கடலில் ஆயிரம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் சேரும், ஆற்று முகத்துக்குப் பக்கம் என்றால் கூடுதல். அடுக்கு குலையாமல் முழு உருளையாக எடுத்துவந்தால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரு காலம். அந்த உருளையை நாங்கள் 'கோர்' என்போம்.

மெத்தென்ற மண்ணில் கோர் எடுக்கிற முறையில் சுற்றித் துளைப்பதே கிடையாது. கப்பலின் வயிற்றில் ஏழு மீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறது. கோபுரத்திலிருந்து குழாய்களை ஒன்றோடொன்று முடுக்கி அந்தத் திறப்பு வழியாகக் கடல் தரை வரை இறக்குவார்கள். நங்கூரம் போடுவதில்லை. பன்னிரண்டு உந்துவிசைப் பொறிகளைக் கணினி இயக்கிக் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும். பிறகு குழாய்க்குள்ளே இன்னொரு மெல்லிய குழாயைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். மேலே இருந்து கடல்நீரை அழுத்தினால் ஒரு கட்டத்தில் அதைப் பிடித்திருக்கும் ஊசிகள் முறியும். உடனே உள்குழாய் ஈட்டி மாதிரி ஒன்பதரை மீட்டர் மண்ணுக்குள் பாயும். சில நொடிதான் ஆகும். கம்பியைச் சுருட்டினால் மண் அப்படியே மேலே வரும். பெரிய குழாயை மேலே எடுக்க வேண்டியதில்லை, ஒன்பதரை மீட்டர் கீழே நகர்த்தினால் அடுத்த பாய்ச்சலுக்குத் தயார்.

எல்லா மண்ணும் ஒத்துழைக்காது. மணல் கீழே நழுவிவிடும். சில கடினப் பாறைகளில் குழாய் வெறுமனே திரும்பி வந்த கதைகள் நிறைய உண்டு.

நான் கப்பலில் ஏறியதில்லை, என் வழிகாட்டி போயிருக்கிறார். 'கோர் ஆன் டெக்' என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் தூங்கிக்கொண்டிருப்பவர்கூட எழுந்து ஓடி வருவாராம். உருளையை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, மேல் முனைக்கு நீல மூடி, கீழ் முனைக்கு நிறமில்லாத மூடி போடுவார்கள். மூடி மாறினால் காலம் தலைகீழாகிவிடும் என்பதால் அதைப் பார்க்கவே ஒருவர் நிற்பார். பிறகு துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆய்வுக்கு. மறு பாதி பாதுகாப்புக்கு, அதைச் சுலபத்தில் யாரும் தொட முடியாது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தியப் பெருங்கடலில் எடுக்கிற கோர்கள் ஜப்பானின் கோச்சி நகரத்தில் இருக்கின்றன (நம் பக்கத்துக் கொச்சி இல்லை). நான்கு டிகிரி குளிரில், அலமாரி அலமாரியாக. மற்றக் கடல்களின் கோர்கள் ஜெர்மனியின் பிரேமனிலும் அமெரிக்காவின் டெக்சாஸிலும் உள்ளன. எந்த நாட்டு ஆய்வாளரும் விண்ணப்பிக்கலாம். என்ன செய்யப் போகிறோம், எதற்கு என்று எழுதி ஒப்புதல் கிடைத்தால் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் மண் வரும். ஒரு பையில் தீப்பெட்டி அளவு. எனக்கு அப்படி வந்தது ஒடிசா கடலோரம், மகாநதிப் படுகைக்கு எதிரே, சுமார் 1,430 மீட்டர் தண்ணீருக்கு அடியில் எடுத்த மண்.

அதை நீரில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் கழுவினால் களி போய்விடும். அடுப்பில் உலர்த்தினால் சல்லடையில் மிஞ்சுவது ரவை மாதிரி இருக்கும். நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு ரவையும் ஒரு ஓடு. ஃபோராமினிஃபெரா என்ற ஒரு செல் உயிரியின் சுண்ணாம்பு வீடு. மூன்று நான்கு உருண்டைகளை ஒட்டவைத்தது போலிருக்கும், உடம்பெல்லாம் ஊசித் துளை. கடலின் மேல்பரப்பில் மிதந்து வாழ்ந்த இனத்தை மட்டும், குளோபிஜெரினாய்டஸ் ரூபர் என்று பெயர், நுனி ஈரமாக்கிய மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். மே மாதத்திலும் மின்விசிறி போட முடியாது. ஒருமுறை யாரோ தெரியாமல் போட்டுவிட்டார், மூன்று நாள் பொறுக்கிய தட்டு காலியாகிவிட்டது. அன்று அழுதேன். அந்த ஆழத்து மண் அதற்குமேல் கையில் இல்லை.

அந்த ஓட்டுக்குள் என்ன இருக்கிறது? ஆக்சிஜனில் 16 என்று லேசானதும் 18 என்று கனமானதும் உண்டு. கடல்நீர் ஆவியாகும்போது லேசானது எளிதில் கிளம்பும். பனியுகங்களில் அது துருவங்களில் பனியாக உறைந்து நின்றுவிட்டதால் கடலில் கனமானது கூடியது. உயிரி ஓடு கட்டும்போது அந்த விகிதம் ஓட்டிலும் பதிகிறது. தண்ணீரின் சூடும் விகிதத்தை மாற்றும், ஆனால் ஓட்டிலுள்ள மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம் சூட்டைத் தனியாகக் காட்டிக்கொடுக்கும். சூட்டையும் பனியையும் கழித்தால் வங்காள விரிகுடாவில் மிஞ்சுவது மழைக் கணக்கு. ஆறுகள் கொண்டுவரும் நன்னீரில் லேசான ஆக்சிஜன் அதிகம். எந்தக் காலத்தில் ஆறுகள் பெருகின, எந்தக் காலத்தில் வற்றின என்பது அந்த ரவைக்குள் இருக்கிறது.

ஜாய்டிஸ் ரெசல்யூஷன் 2014 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை இங்கே மழையின் வரலாற்றுக்காகவே ஒரு பயணம் செய்தது. பயணத்தின் எண் 353. அதில் மகாநதிப் படுகையில் போட்ட யு1446 என்ற இடத்தின் கோரை வைத்து ஸ்டீவன் கிளெமன்ஸும் அவர் குழுவும் 2021இல் 9 லட்சம் வருஷத் தென்மேற்குப் பருவமழையின் வரலாற்றை வெளியிட்டார்கள். அண்டார்டிகப் பனியில் சிக்கிய காற்றுக்குமிழிகளிலிருந்து 8 லட்சம் வருஷத்து கார்பன் டை ஆக்சைடு அளவு நமக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறிய காலங்களை ஒட்டி மழையும் வலுத்திருக்கிறது. வருங்காலத்தில் பருவமழை கூடும் என்று கணினி மாதிரிகள் சொல்வதை நம்பலாமா என்று கேட்டால், நடந்த கதையோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. என் பதிலில் பாதி இதுதான்.

மழை கூடினால் நல்லதுதானே என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். 2025இல் கௌஸ்துப் திருமலை குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வங்கக்கடலின் கடந்த 22,000 வருஷத்தைப் பார்த்ததில், பருவமழை மிகவும் குன்றிய காலத்திலும் மிகவும் மிகுந்த காலத்திலும் மேல்கடலில் மீன்களுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. மழை மிகுந்தால் லேசான ஆற்று நீர் கடலின் மேல் மூடி போட்ட மாதிரி நின்றுவிடுகிறது, ஆழத்திலிருந்து சத்து மேலே வருவதில்லை. மழை குன்றினால் கடலைக் கலக்கிவிடக் காற்று போதவில்லை. கடலூர், நாகை மீனவர் வீட்டுச் சோறு இந்த மூடியோடு சம்பந்தப்பட்டது. சேற்றால் என்ன பயன் என்ற கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த ஆய்வுதான்.

நம்மைச் சுற்றிய கடலிலேயே இன்னும் எவ்வளவோ. அடுத்த பயணமான 354, சிங்கப்பூரில் கிளம்பிக் கொழும்பில் முடிந்தது. இலங்கைக்குக் கிழக்கே 8 டிகிரி வடக்கு அட்சரேகையில், 3,600 மீட்டர் தண்ணீருக்கு அடியில் அவர்கள் எடுத்தது இமயமலையின் மண். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய வண்டல் கடலுக்கடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு விசிறி போல விரிந்து கிடக்கிறது. மலை எப்போது எவ்வளவு கரைந்தது என்று மலையில் போய்க் கேட்க முடியாது, கரைந்தது எல்லாம் இங்கே கிடக்கிறது. அதற்கடுத்த 355, கொழும்பிலிருந்து மும்பைக்கு. இந்தியாவின் மேற்குக் கரையில் கடலுக்கடியில் நடந்த ஒரு பிரம்மாண்டமான நிலச்சரிவின் மேல் துளையிட்டார்கள். அந்தச் சரிவுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'நடராஜா'. சுமார் 19,000 கன கிலோமீட்டர் மண் சரிந்திருக்கிறது. கப்பலிலிருந்து ஒலி அலைகளை அனுப்பி, அவை திரும்பி வருவதை வைத்து அதன் உருவத்தைத் தூரத்திலிருந்தே வரைந்துவிட்டார்கள். எப்போது நடந்தது என்பதைத் துளைதான் சொன்னது, ஒரு கோடி வருஷத்துக்கும் முன்.

2006இல் இதே கப்பல் மும்பையில் கிளம்பி, 113 நாள் நம் கடல்களில் எரிவாயு ஹைட்ரேட் (நீரும் எரிவாயுவும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்தது) தேடிவிட்டுச் சென்னைத் துறைமுகத்தில் வந்து நின்றது. கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 130 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் அடுக்கு கண்டார்கள். அப்போது நான் பள்ளியில் படித்தேன், அப்படி ஒரு கப்பல் இருப்பதே தெரியாது.

உலக அளவில் என்றால், 1968இல் தொடங்கிய குளோமர் சேலஞ்சர் கப்பலின் மூன்றாவது பயணத்தைச் சொல்வேன். அட்லாண்டிக்கின் நடுமுகட்டிலிருந்து தள்ளிப்போகப் போகத் தரையின் வயது ஏறுகிறது என்று துளை துளையாகக் காட்டினார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்று இன்று பாடப்புத்தகத்தில் இருப்பதற்கு அது முக்கியச் சாட்சி.

இனி செலவு. ஜாய்டிஸ் ரெசல்யூஷனுக்கு ஆண்டுக்குச் சுமார் 7 கோடி டாலர் ஆனது. அதில் பெரும்பங்கைக் கொடுத்த அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2024க்குப் பிறகு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் கப்பலின் கடைசி ஆய்வுப் பயணம் முடிந்தது. 1985 முதல் ஆய்வுக்காக ஓடிய கப்பல். ஜப்பானிடம் சிக்யு என்ற துளைக் கப்பல் இருக்கிறது, சீனா 2024 நவம்பரில் மெங்ஷியாங் என்ற பெரிய துளைக் கப்பலைச் சேவைக்கு விட்டிருக்கிறது. ஆனாலும் வருஷம் முழுக்கக் கடலில் நின்று, எந்த நாட்டு மாணவருக்கும் மண் எடுத்துக்கொடுத்த அந்த ஒரு கப்பலை நிறுத்தியது தவறு என்றே நான் நினைக்கிறேன். நானே அந்த மண்ணால் படித்தவள்.

அப்பாவுக்குச் செலவைவிட வேறொன்று உறுத்தியது. ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று துளை போடுகிறார்கள் என்று சொன்னதும், "தண்ணி வந்த பொறவும் எதுக்குங் கண்ணு இன்னும் ரெண்டு போரு?" என்றார். ஒரு கோருக்கும் அடுத்த கோருக்கும் நடுவே கொஞ்சம் மண் நழுவும் அல்லது கலையும். அடுத்த துளையில் ஆரம்பத்தைச் சற்று மாற்றி இறக்கினால் அந்த இடைவெளி இன்னொரு கோரின் நடுவில் விழும். நிறத்தையும் காந்தத் தன்மையையும் பொருத்திப் பார்த்து மூன்றையும் ஒட்டினால் ஒரு நாள்கூட விடாத டைரி மாதிரி ஆகிவிடும். கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

அந்த இரண்டாவது பாதியும் அப்படித்தான். 1968இலிருந்து எடுத்த கோர்களின் பாதி இன்னும் குளிரில் கிடக்கிறது. மக்னீசிய முறையில் சூட்டை அளக்கத் தெரியாத காலத்தில் எடுத்து வைத்தவை, பிறகு அந்த முறை வந்தபோது உதவின. என் தட்டில் பறந்துபோன ஆழத்து மண்ணுக்கும் மறுபாதி கோச்சியில் பத்திரமாக இருக்கிறது. கீறாமல் அளக்க ஒரு கருவி வந்தால் யாரோ அதை அளப்பார்கள்.

படிப்பு முடிகிற வருஷம் அப்பாவை ஆய்வகத்துக்கு அழைத்துப்போனேன். நுண்ணோக்கியில் ஓடுகளைக் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டார், "இது எத்தனாவது அடியில வந்துச்சு?"

பையின் சீட்டைப் படித்தேன். மூன்றாவது கோர், இரண்டாவது துண்டு, 75 சென்டிமீட்டர். தரையிலிருந்து ஏறத்தாழ ஐம்பத்தைந்து அடி.

"தண்ணியச் சேத்து?"

நாலாயிரத்து எழுநூறு அடிக்குக் கொஞ்சம் மேலே என்றேன். இருபதடி ராடு கணக்கில் அவரே விரலில் வகுத்துப் பார்த்தார். "இருநூத்தி முப்பத்தஞ்சு ராட்டுக்கு மேல," என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார்.