நூல் மூட்டை எங்கிருந்து வருகிறது? சிறு பனியன் நிறுவனத்தாரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: திருப்பூரில் நாற்பது தையல்காரர்களுடன் பனியன் தைத்து, ஏஜென்ட் மூலம் இங்கிலாந்துக்கு அனுப்புகிறேன். 'எங்கள் விநியோகச் சங்கிலியில் நவீன அடிமைமுறை இல்லை' என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். அந்த நாட்டுச் சட்டம் என்னைக் கட்டுமா?

நேரடியாகக் கட்டாது. 2015-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டப்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டை எட்டிய நிறுவனங்களே இது குறித்து அறிக்கை வெளியிட வேண்டும்; அவர்கள் அந்தச் சுமையை ஆர்டர் நிபந்தனையாக உங்கள் தலையில் இறக்குகிறார்கள். ஆனால் நம் நாட்டின் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்துக்கு விற்றுமுதல் வரம்பு எதுவும் கிடையாது. வெறுமனே 'இல்லை' என்று எழுதித் தராதீர்கள். நூல் எந்த மில்லுடையது, சாயமும் பிரிண்டிங்கும் செக்கிங்கும் எங்கே நடக்கின்றன, எவற்றை நேரில் பார்த்தீர்கள், எவை பாக்கி என்பதை எழுதித் தாருங்கள். நூல் மூட்டையின் மேலேயே மில்லின் பெயரும் லாட் எண்ணும் இருக்கும். அவற்றைக் கொள்முதல் பதிவேட்டில் ஏற்றுவதிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: யாரையும் அடைத்துவைத்து வேலை வாங்குவதாகத் தெரியவில்லை. எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பணம் போகும் வழியை வைத்துத்தான். வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறிடத்துக்கு வேலைக்குப் போகவோ, நினைத்தபடி வெளியே சென்றுவரவோ முடியாமற்போனால், சட்டத்தின் பார்வையில் அது கொத்தடிமைத்தனமே. பிடித்துவைத்த கூலியும் ஆளை அப்படியே கட்டிப்போடும். மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது அதுதான்: மூன்று ஆண்டுகள் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிப் பதின்வயதுப் பெண்களைச் சேர்த்தார்கள்; உடல்நலம் கெட்டு இடையில் ஊர் திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை. இன்று யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பதால், பெயரைக் கேட்டுப் பயனில்லை. விடுதிப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை துணையில்லாமல் கடைக்குப் போக முடிகிறதா என்று கேளுங்கள்.

சம்பளப் பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். கையெழுத்துகள் எல்லாம் ஒரே சாய்வில் இருந்தாலோ, மெஸ், அட்வான்ஸ், 'இதர' என்ற பிடித்தங்கள் மாதாமாதம் ஏறிக் கையில் கிடைப்பது சுருங்கிக்கொண்டே வந்தாலோ, அங்கே நின்று விசாரிக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: ஒடிசாவிலிருந்து ஆட்களைக் கான்ட்ராக்டர் அழைத்துவருகிறார். அவர் அவர்களுக்குக் கொடுக்கும் அட்வான்ஸுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

உங்கள் கூரையின் கீழ் வேலை செய்கிறார்களே! ஆள் சேர்க்கும் கமிஷனையும் ரயில் கட்டணத்தையும் நீங்களே ஏற்று, கூலியை ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கிலும் நேரடியாகச் செலுத்திவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். அதோடு, ஏடிஎம் அட்டையும் அசல் ஆதாரும் யார் கையில் இருக்கின்றன என்பதைக் கான்ட்ராக்டர் இல்லாத நேரத்தில், ஒடியா தெரிந்த ஒருவரை வைத்துக் கேட்டறியுங்கள். கடன் கொத்தடிமைக் கடன்தான் என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது என்கிறது 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு.

கேள்வி: தொழிலாளர் நடத்தப்படும் விதத்தைச் சோதித்துத் தரும் சமூகத் தணிக்கைச் சான்றிதழ் உள்ள மில்லில் வாங்கினால் போதாதா?

போதாது. தணிக்கையாளர் வந்துபோன நாளைப் பற்றித்தான் சான்றிதழ் பேசும்.

கேள்வி: எங்களுக்காக ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலையை முடித்துத் தருவது) செய்யும் பட்டறையில் இப்படி ஏதாவது தெரிந்தால், உடனே ஆர்டரை நிறுத்திவிடலாமா?

பலரும் முதலில் செய்வது அதைத்தான். அதனால் தண்டனை தொழிலாளிக்கே போய்ச் சேர்கிறது. பிடித்தக் கணக்கு, கூலி நிலுவை போன்றவை என்றால், கடனை ரத்துசெய்து நிலுவையைக் கொடுக்கக் கெடு வைத்து, அதுவரை ஆர்டரைத் தொடரலாம். உங்கள் ஜாப் ஒர்க் ரேட் குறைந்தபட்சக் கூலிக்குக் கட்டுபடியாகிறதா என்பதையும் அப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள். அடைத்துவைத்தலோ மிரட்டலோ இருந்தால், உரிமையாளரிடம் வாய்திறக்காமல் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் சொல்லுங்கள். முன்கூட்டியே தகவல் கசிந்தால் ஆட்களை இரவோடு இரவாக வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். விசாரணைக்குப் பின் அதிகாரி தரும் விடுதலைச் சான்றிதழ் அவர்கள் ஒவ்வொருவரின் கைக்கும் வந்ததா என்று பின்தொடர்ந்து கேளுங்கள். மறுவாழ்வு உதவிக்கு அதுவே ஆதாரம்.