எஃகின் பெயருக்காக 500 டாலர் தரலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் ஒரு ரசாயன ஆலையின் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். அட்டைப்பெட்டி, கயிறு, ரப்பர் குழாய் என்று அன்றாடம் எதையாவது வெட்ட வேண்டியிருப்பதால் மடக்குக் கத்தி இல்லாமல் வேலை ஓடாது. இந்த ஆண்டு போனஸில் 1,500 டாலரை ஒதுக்கி, மேக்னாகட் எஃகில் செய்த உயர்ரகக் கத்திகள் மூன்றை வாங்கி, ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டு மற்ற இரண்டையும் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்க எண்ணுகிறேன். அந்த எஃகைத் தயாரித்த நிறுவனம் திவாலாகிவிட்டதால் விலை நிச்சயம் ஏறும் என்கிறார் நண்பர். 60 டாலர் கத்தியும் வெட்டத்தானே செய்கிறது என்கிறார் மனைவி. கிரெடிட் கார்டில் 2,800 டாலர் நிலுவை இருக்கிறது. வட்டி 22 சதவீதம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதல் வரியாக எடுத்துக்கொள்கிறேன். 22 சதவீத வட்டியில் கடன் நிற்கும்போது, பெட்டி பிரிக்காமல் வைக்கும் ஒவ்வொரு 500 டாலர் கத்தியும் ஆண்டுக்கு 110 டாலரை உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டேதான் அலமாரியில் இருக்கும். ஓராண்டு கழித்து அதை நட்டமில்லாமல் விற்க வேண்டுமானால், விற்பனைத் தளத்தின் தரகும் தபால் செலவும் போக 610 டாலர் உங்கள் கைக்கு வர வேண்டும். அதற்கு வாங்குபவர் ஏறத்தாழ 700 டாலர் தர வேண்டும். அதே கத்தி கடையில் புதிதாக 500 டாலருக்குக் கிடைக்கும்வரை அப்படித் தருபவர் யாரும் இருக்க மாட்டார். லாபத்தில் விற்றால் வரி உண்டு என்பதையும், சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருளை நட்டத்தில் விற்றால் அந்த நட்டத்தை அமெரிக்க வருமான வரியில் கழிக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் மோசமாகும்.

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. மேக்னாகட்டை வடிவமைத்தவர் லேரின் தாமஸ் என்ற உலோகவியலாளர். நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் நகரை ஒட்டி இயங்கிய க்ரூசிபிள் நிறுவனம் அதை 2021இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனம் 2024 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றதும் மெய். ஆனால் ஆலை மூடப்பட்டாலும் எஃகின் செய்முறை அதோடு போய்விடுவதில்லை. க்ரூசிபிளின் சொத்துகளை ஈராஸ்டீல் என்ற ஐரோப்பிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. அரிதாகிவிடும் என்ற நம்பிக்கையில் விலை கொடுப்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டும்.

அரிதாகவே போனாலும், எஃகின் பெயர் காலப்போக்கில் மதிப்பு கூடும் பொருள் அல்ல என்பதைக் கடந்த இருபத்தைந்து ஆண்டுகள் காட்டியிருக்கின்றன. ஐடஹோ மாநிலம் பாய்சியில் இயங்கும் கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்ஸா என்ற கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குறிப்பிடும் விலைக்கு அதுதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 1987இல் அறிமுகமான அந்தக் கத்தியின் அலகு ஏடிஎஸ்-34, பிஜி-42, எஸ்30வி, எஸ்35விஎன், எஸ்45விஎன் என்ற எஃகு வகைகளாக வரிசையாக மாறி இப்போது மேக்னாகட்டுக்கு வந்து நிற்கிறது. 2001இல் எஸ்30வி வந்தபோது கத்தி ஆர்வலர்கள் அதைப் போற்றிய விதத்தை இன்று அதே எஃகு நடுத்தர விலைக் கத்திகளில் சாதாரணமாக வருவதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மேக்னாகட்டின் எதிர்காலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். கத்தி வாங்கிப் பணம் பெருக்கியவர்கள் இல்லாமலில்லை. அவர்கள் பணம் கொடுத்தது எஃகுக்கு அல்ல, செய்தவரின் கைக்கு. கலிபோர்னியாவின் கத்திக் கலைஞர் பாப் லவ்லெஸ் தம் கையால் செய்த கத்திகள் இன்றும் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. அவர் பயன்படுத்திய 154சிஎம்மையும் ஏடிஎஸ்-34ஐயும் பல வகையில் விஞ்சும் எஃகு இப்போது எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஆகவே முதலீடு என்ற சொல்லை விட்டுவிட்டு, வேலைக்கான கருவியாக எவ்வளவு தரலாம் என்று பார்ப்போம். மேக்னாகட் வெறும் விளம்பரப் பெயர் அல்ல. உருகிய எஃகை உயர் அழுத்த வாயுவால் சிதறடித்துப் பொடியாக்கி, அந்தப் பொடியை வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிக் கட்டியாக்கும் முறையில் இது தயாராகிறது. அதனால் தேய்மானத்தைத் தாங்கும் கார்பைடு துகள்கள் (உலோகமும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள்கள்) மிக நுண்ணியவையாகவும் சீராகவும் பரவி நிற்கின்றன. மலிவு விலையில் பரவலாக வரும் டி2 எஃகில் குரோமியம் 12 சதவீத அளவில் இருக்க, மேக்னாகட்டில் அது 10.7 சதவீதமே, ஆயினும் டி2 துருப்பிடிக்கும், மேக்னாகட் எளிதில் பிடிக்காது. டி2வின் குரோமியத்தில் பெரும்பகுதியைக் கார்பைடுகள் விழுங்கிவிடுகின்றன. மேக்னாகட்டில் அந்த வேலையை வனேடியமும் நியோபியமும் பார்த்துக்கொள்வதால் குரோமியம் துருவைத் தடுக்க மீந்திருக்கிறது. வளைகுடாக் கரையின் ஈரக்காற்றிலும் ஆலையின் வேதிப் புகையிலும் புழங்கும் உங்களுக்கு இது உண்மையாகவே காசு பெறும் குணம். விலைப் பட்டியலில் குரோமியச் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

அதே சமயம், அலகில் பொறித்த பெயர் உங்களுக்கு உத்தரவாதம் தருவது சேர்மானத்துக்கு மட்டுமே. ஒரே அரிசியை இருவர் வாங்கிப்போனாலும் சோறு பதமாக வருவதும் குழைந்துபோவதும் உலை வைப்பவர் கையில் இருப்பதுபோல, ஒரே எஃகு, சூடாக்கிக் குளிர்விக்கும் வெப்பப் பதனத்தில்தான் நல்ல கத்தியாகவோ நடுத்தரக் கத்தியாகவோ மாறுகிறது. மேக்னாகட்டை, உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 60 முதல் 64 வரை கடினப்படுத்தலாம். அந்த வரம்பின் அடியில் நிற்கும் அலகு எளிதில் தீட்டப்படும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். 62ஐத் தாண்டியதுதான் நீங்கள் தரும் கூடுதல் விலைக்கு ஈடு சொல்லும். அந்த எண்ணை வெளிப்படையாகச் சொல்லாத தயாரிப்பாளருக்கு எஃகின் பெயருக்கென்று தனி விலை தரக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது வடிவம், பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பொறியாளராகிய உங்களிடம் வெர்னியர் காலிப்பர் இருக்கும். சாணை பிடித்த சரிவு முடிந்து அலகின் பக்கம் தொடங்குகிற இடத்தில், விளிம்புக்குச் சற்று மேலே, தடிமனை அளந்து பாருங்கள். 0.4 அல்லது 0.5 மில்லிமீட்டர் இருந்தால் அட்டையில் வழுக்கிக்கொண்டு போகும், 0.8ஐ நெருங்கினால், எந்த எஃகாக இருந்தாலும், ஆப்பு அடிப்பதுபோல் திணறும். மெல்லிய விளிம்பும் குறுகிய சாணைக் கோணமும் கொண்ட 60 டாலர் கத்தி, தடித்த விளிம்புடைய 500 டாலர் கத்தியைவிட நாள் முழுதும் நன்றாக வெட்டுவது நடக்கக்கூடியதே. புதுக் கத்தி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மழுங்கினால், எஃகைக் குறை சொல்லுமுன் ஒருமுறை நீங்களே தீட்டிப் பாருங்கள். கத்தி தயாரித்த ஆலையின் சாணைப் பட்டையில் விளிம்பு சூடேறிப் பதம் இழந்திருக்கலாம். வனேடியம் கார்பைடு சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினமானது என்பதால் இதற்கு வைரத் துகள் பதித்த கல் வேண்டும். அந்தச் செலவையும் கத்தியின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 500 டாலர் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். ஒரு மடக்குக் கத்தியின் அலகுக்குப் பிடிக்கும் எஃகு, மேக்னாகட்டேயானாலும், பத்திருபது டாலருக்குள் அடங்கிவிடும். மற்றதெல்லாம் டைட்டானியம் கைப்பிடியை நூலிழை பிசகாமல் கடைவதற்கும், கடின எஃகைச் சாணை பிடிப்பதில் தேயும் பட்டைகளுக்கும், அலகு ஆடாமல் அசையாமல் பூட்டும் நேர்த்திக்கும், பல ஆண்டு கழித்து அனுப்பினாலும் பிரித்துச் சீர்செய்து தரும் சேவைக்கும் ஆனவை. அந்த நேர்த்தி பொய்யல்ல. கையில் எடுத்துத் திறந்து மூடினால் புரியும். ஆனால் அது ரசனைக்குத் தரும் விலையே ஒழிய, ரப்பர் குழாயை வெட்டுவதற்குத் தரும் விலை ஆகாது.

மனைவியின் வாதம் பெரும்பாலும் சரி. ஸ்வீடனில் தயாராகும் 14சி28என் எஃகு துருவையும் நன்றாகத் தாங்கும், சாதாரணக் கல்லிலேயே தீட்டவும் வரும். 60 முதல் 80 டாலர் வரையிலான நல்ல கத்திகளில் அது கிடைக்கிறது. கூர் நெடுநாள் நிற்க வேண்டுமென்றால் 150 முதல் 200 டாலருக்குள் மேக்னாகட் அலகோடு நைலான் அல்லது ஜி10 (கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்) கைப்பிடி போட்ட கத்திகள் உள்ளன. என் கணக்கில் பணத்துக்கு ஏற்ற பலன் அந்த எல்லையோடு நின்றுவிடுகிறது. எதை வாங்கினாலும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்குங்கள். பிரபல மாடல்களின் போலிகளில் எஃகின் பெயரையும் சேர்த்தே பொறித்து விற்கிறார்கள். வாங்குமுன் உங்கள் ஆலையின் பாதுகாப்பு விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த அலகுக் கத்தியை உள்ளே அனுமதிக்காத ஆலைகள் பல உண்டு. அங்கே 60 டாலரும் வீண், 500 டாலரும் வீண்.

போனஸில் 150 டாலரைக் கத்திக்கு வைத்துக்கொண்டு 1,350 டாலரைக் கார்டில் கட்டுங்கள். மீதமுள்ள 1,450 டாலரை, புதிதாக எதையும் அந்தக் கார்டில் ஏற்றாமல், மாதம் 250 டாலர் வீதம் கட்டினால் ஏழாவது மாதத்தில் நிலுவை தீரும். அதன் பிறகும் செபென்ஸா போன்ற ஒன்றின் மேல் ஆசை குறையாவிட்டால், மாதா மாதம் ஒதுக்கிச் சேர்த்த பணத்தில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். பெட்டியும் சான்றட்டையும் உள்ள, அதிகம் தீட்டப்படாத பழைய கத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் உரிமையாளர் தாங்கிக்கொண்ட விலை வீழ்ச்சி உங்களுக்கு மிச்சம், எப்போதாவது விற்க நேர்ந்தாலும் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரும்.