ஒரு நாள் நகத்தில் காசு இருக்கிறதா?

கேள்வி: ஆரையம்பதியில் வீட்டு முன்னறையில் இரண்டு வருடமாக நெய்ல்ஸ் செய்கிறேன். ஜெல் எக்ஸ்டென்ஷன் முழுச் செட் 5,000 ரூபா, மூன்று கிழமைக்கு ஒருமுறை நகம் வளர்ந்த இடத்தை நிரப்புகிற ரீபில் 3,000 ரூபா. நிரந்தரமாக வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். கொஞ்ச நாளாக, "கல்யாணத்துக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஒட்டி விடுவீங்களா, அடுத்த நாள் கழட்டோணும்" என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் காத்தான்குடிப் பக்கம். 2,000 ரூபாவுக்கு மேல் கொடுக்க யோசிக்கிறார்கள். பிரஸ் ஓன் நகம், அதாவது முன்னமே செய்து வைத்து விரலில் ஒட்டுகிற நகம், செய்யத் தொடங்கினால் லாபமா, அல்லது இருக்கிற வாடிக்கையையும் கெடுத்துக்கொள்வேனா? பைனான்ஸ் கம்பனியில் இரண்டு இலட்சம் எடுத்து மொத்தமாகச் சாமான் இறக்கினால் அறுகம்பைக்கும் கொடுக்கலாம் என்கிறார் மச்சாள். இன்னொன்று, அடுத்த மாதம் சித்தியின் மகளுக்குக் கல்யாணம். அவளுக்குச் சும்மா செய்து கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: செய்யலாம், தங்கச்சி. ஆனால் இப்போது கேட்கிற விதத்தில் 2,000 ரூபாவுக்கு வேண்டாம், கடன் எடுத்தும் வேண்டாம். கணக்குக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு வாசியுங்கள்.

முழுச் செட்டுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டரை மணித்தியாலம், சாமான் செலவு 900 ரூபா என்று வைப்போம். இவற்றுக்குப் பதில் உங்கள் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். 5,000இல் 900 போக 4,100. இரண்டரையால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 1,640 ரூபா. ரீபிலுக்கு ஒன்றரை மணித்தியாலமும் 400 ரூபாச் சாமானும் என்றால் மணித்தியாலத்துக்கு 1,700ஐத் தாண்டுகிறது. இந்த எண்ணைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இனி எந்தப் புது வேலை வந்தாலும் இதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

2,000 ரூபா ஒட்டு நகத்தை அப்படி வைத்துப் பார்ப்போம். டிப்ஸ் என்கிற பிளாஸ்டிக் நகம், ஜெல், ஒட்டுகிற டேப், கம், ஒரு சின்னப் பெட்டி எல்லாம் சேர்த்து 500. மிச்சம் 1,500. அளவெடுக்க 20 நிமிடம், பத்து நகத்துக்கும் டிசைன் போட்டு விளக்கில் காய வைக்க ஒன்றரை மணித்தியாலம், அன்றைக்கு நகத்தைத் துடைத்து ஒட்டிவிட 25 நிமிடம். கூட்டினால் இரண்டேகால் மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 670 ரூபாகூட வரவில்லை. இதில் "அக்கா, அந்த ரோஸ் இன்னும் கொஞ்சம் லைட்டா வருமா" என்று இரவு பதினொரு மணிக்கு ஓடுகிற வட்ஸ்அப் கதையை நான் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தால் கண்ணீர்தான்.

வேலை பிழையில்லை. விலையும் வேலையைப் பிரிக்கிற முறையும்தான் பிழை. 2,000 ரூபாதான் கையில் இருக்கிறது என்பவருக்கு ஒரே நிறத்தில் ஒரு செட் செய்து, பெட்டியில் போட்டுக் கொடுங்கள். ஒட்டுவது அவர் வேலை. அளவெடுக்க 20 நிமிடம், பூச 25 நிமிடம், சாமான் 400. முக்கால் மணித்தியாலத்தில் 1,600 ரூபா மிஞ்சுகிறது, மணித்தியாலக் கணக்கில் 2,100க்கு மேல். கல்யாணப் பெண்ணுக்கு நீங்களே ஒட்டிவிடுகிற செட் 3,500. டிசைன் நீங்கள் வைத்திருக்கும் நாலைந்தில் ஒன்று மட்டும், 45 நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி. அப்போது மொத்தம் ஒன்றரை மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 2,000 ரூபா. கல் பதிக்க, கையால் பூ வரைய ஆசைப்படுகிறவர் நகத்துக்கு இவ்வளவு என்று மேலதிகமாகத் தரட்டும்.

பேன்ஸிக் கடையில் சில நூறு ரூபாவுக்குத் தொங்குகிற பெட்டி இருக்கும்போது உங்களிடம் யார் 3,500 கொடுப்பார்கள் என்று கேட்கலாம். அந்தப் பெட்டியில் பெருவிரல் நகம் பொருந்தினால் சின்னவிரல் பொருந்தாது. அகலம் கூடிய நகம் தோலில் ஏறி நின்று சோறு பிசையும்போது கழன்று விழும். உங்களிடம் வருகிறவர் அளவுக்கும் சாரி நிறத்துக்கும்தான் காசு தருகிறார். ஆகவே அளவெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். 0 முதல் 9 வரை இலக்கமிட்ட டிப்ஸ் ஒரு செட்டை அதற்கென்றே வைத்திருங்கள். வாழைச்சேனையிலிருந்தோ கல்முனையிலிருந்தோ கேட்கிறவரிடம் ஒரு நாணயத்தை விரலோடு வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அகலத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

அடுத்தது, வாடிக்கை கெட்டுப்போகுமா என்ற பயம். அது நியாயமான பயம். மூன்று கிழமைக்கொருமுறை வருகிற ஒருவர், பாதித் தடவை தவறவிட்டாலும் வருடத்துக்கு எட்டு ரீபில், அதாவது 24,000 ரூபா. முதல் செட்டையும் சேர்த்தால் 29,000. அவரை 3,500 ரூபா ஒட்டு நகத்துக்கு நீங்களே மாற்றிவிட்டால் பசுவை விற்று ஒரு போத்தல் பால் வாங்கிய கதைதான். நிரந்தரமாக வருகிறவர்களிடம் இதைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

ஒட்டு நகம் இதுவரை உங்கள் கதிரையில் உட்காராத கைகளுக்கு. வார்டில் கையுறை போடுகிற தாதி, கொப்பி திருத்துகிற ஆசிரியை, இடியப்ப மா குழைக்கிற வீட்டுக்காரி, இவர்களெல்லாம் நீட்டு நகத்தோடு மூன்று கிழமை இருக்க முடியாது. ஒரு கல்யாண வீட்டுக்கு, ஒரு சாமத்தியச் சடங்குக்கு ஆசை இருக்கும்.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பெண்களின் காரணம் வேறு. தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி வுளூச் செய்யும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும். ஜெல்லோ கியூட்டெக்ஸோ இருந்தால் படாது. அதனால்தான் அவர்கள் மூன்று கிழமைச் செட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிக்காஹ் அல்லது வலீமா விருந்து அன்று சில மணித்தியாலம் போட்டு, தொழுகைக்கு முன் கழற்றிவிடலாம் என்றால் கதை மாறுகிறது. தொழுகை இல்லாத நாட்களில் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களும் இருப்பார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை, நீங்களும் சொல்லப் போகாதீர்கள். ஒட்டு நகமே வேண்டாம் என்கிற குடும்பங்களும் உண்டு. ஆனால் இவர்களுக்குக் கம் வேண்டாம், டேப்தான் என்பதை மறக்காதீர்கள். கம் போட்டால் ஒரு கிழமை, இரண்டு கிழமைகூட நிற்கும், அவசரத்துக்குக் கழற்ற வராது. டேப் ஒன்றிரண்டு நாள்தான், சுடுதண்ணீரில் கொஞ்சம் சோப் போட்டு ஊற வைத்தால் நோகாமல் வந்துவிடும். அப்படிக் கழற்றியதைக் கழுவிப் பெட்டியில் வைத்தால் அதே ஆள் திரும்பவும் போடலாம். விற்கும்போது இதைச் சொல்லுங்கள், 3,500 அப்போது பெரிதாகத் தெரியாது.

கல்யாணத்தில் கெட்ட பெயர் வாங்கித் தருவது எண்ணெய். முதல் நாள் மருதாணி போட்டு, நிறம் ஏற என்று தைலம் தடவிக்கொண்டு வருவார்கள். அந்த எண்ணெய் நகத்தில் இருக்கும்வரை எந்த டேப்பும் பிடிக்காது. மேலே நம்மூர் வெக்கையும் வியர்வையும். நகத்தை லேசாக அரத்தால் தேய்த்து, அற்ககோலால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். இரண்டு உபரி நகமும் நாலு டேப்பும் சின்னப் பையில் போட்டு பெண்ணின் அக்காவிடமோ தங்கையிடமோ கொடுத்துவிடுங்கள், பெண்ணிடம் கொடுத்தால் காணாமல் போகும். சின்னச் செலவுதான், ஆனால் தாலி கட்டுகிற நேரம் ஒரு விரல் மொட்டையாக நின்ற படம் பேஸ்புக்கில் வந்தால் அந்த ஊரில் உங்கள் வியாபாரம் முடிந்தது.

முற்பணம் பாதி, திருப்பித் தரப்படாது. ஒருத்தியின் அளவுக்குச் செய்தது இன்னொருத்திக்குப் பொருந்தாது, ஆகவே கல்யாணம் தள்ளிப்போனால் நட்டம் முழுக்க உங்கள் தலையில். நகத்தை வாடகைக்குத் தரக் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். ஒருவர் நகத்திலிருந்த பூஞ்சைத் தொற்று அடுத்தவருக்குப் போனால் எந்த லாபமும் அதற்கு ஈடாகாது.

இந்த வருமானம் வந்து போகிற வருமானம் என்பதையும் மனதில் வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் கல்யாணம் குறைவு, அந்த மாதமும் வருடாவருடம் 10, 11 நாள் முன்னுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். கிறிஸ்தவர்களின் தபசு காலத்தில் அவர்கள் கோயில் மணி கல்யாணத்துக்கு அடிக்காது. நல்ல காலம், மூன்றும் ஒரே மாதத்தில் விழுவதில்லை. மூன்று சமூகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற நமது கரையில் இது ஒரு வசதி. ஒரு நாட்காட்டியில் மூன்றையும் நிறம் போட்டுக் குறித்து வையுங்கள். ஆனாலும் வாடகை, சீட்டு, பிள்ளையின் டியூஷன் காசு போன்ற மாதாந்தச் செலவை ரீபில் காசிலேயே நிறுத்துங்கள். ஒட்டு நகக் காசு தனிக் கணக்கில் போகட்டும். கார்த்திகை, மார்கழி மழையில் வீதியில் தண்ணீர் நிற்கும்போது யாரும் நகம் போட வரமாட்டார்கள், அப்போது அந்தக் கணக்கு உதவும்.

மச்சாளின் யோசனைக்கு வருகிறேன். அறுகம்பை நல்ல இடம்தான், சித்திரை, வைகாசியிலிருந்து புரட்டாதிவரை வெள்ளைக்காரர் நிறைய. ஆனால் அவர்கள் வருவது அலைச்சறுக்குக்கு. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவருக்கு ஒட்டு நகம் எதற்கு? பஸ்ஸில் போய்வர உங்களுக்கும் ஒரு நாள் போய்விடும். விட்டுவிடுங்கள்.

இரண்டு இலட்சம் கடன்? "மாதம் இரண்டு வீதம்தான்" என்று இனிக்கச் சொல்வார்கள். முழுத் தொகைக்கும் கடைசிவரை 2 வீதம் என்றால் 24 மாதத்தில் வட்டி 96,000. தவணை 12,333 ரூபா. நீங்கள் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி குறையாததால், குறையும் மீதிக்குப் போடுகிற வட்டியாகப் பார்த்தால் வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டுகிறது. மாதத்தில் செய்கிற முதல் நான்கு கல்யாணச் செட்டின் லாபமும் அப்படியே கம்பனிக்கு, ஆடி மாதமும் சேர்த்து. கிழமைத் தவணைக் கடன்காரர் வாசலுக்கு வந்து மட்டக்களப்புப் பெண்கள் பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவ்வளவு காசும் தேவையில்லை. விளக்கு, ஜெல், அரம், மேசை எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரே வடிவத்தில், குட்டை ஒன்று நடுத்தரம் ஒன்று என இரண்டு பெட்டி டிப்ஸ், டேப், பெட்டிகள். கைக்காசு 15,000 ரூபாவுக்குள் அடங்கும்படி வாங்குங்கள். 500 டிப்ஸ் பெட்டியில் ஓர் அளவுக்கு 50தான் இருக்கும், சில அளவு சீக்கிரம் தீரும், சில கிடந்து தூங்கும். எது தூங்குகிறது என்று மூன்று மாதம் பார்க்காமல் மொத்தமாக இறக்கினால், டிக்டொக்கில் வடிவம் மாறுகிற அன்று அலுமாரி நிறையப் பிளாஸ்டிக்தான் மிஞ்சும். பத்துச் செட் விற்ற காசில் அடுத்த சாமானை வாங்குங்கள்.

ஜெல் விஷயத்தில் மட்டும் விலை பார்க்காதீர்கள். காயாத ஜெல் அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், வந்தால் வாழ்நாளுக்கும் போகாது, தொழிலையே விட வேண்டி வரலாம். ஜெல்லை விளக்கில் காய வைக்க உதவுகிற டி.பி.ஓ. (TPO) என்ற பொருள் சேர்ந்த ஜெல்லை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டெம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. திடீரென்று மலிந்த போத்தலைக் கண்டால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வருமான வரி பற்றிப் பயம் வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாவரை தனிநபர் விலக்கு இருக்கிறது. ஆனாலும் வரவு செலவை எழுதுங்கள், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரையும் பதிந்து வையுங்கள். பிறகு எப்போதாவது உண்மையிலேயே கடன் தேவைப்பட்டால், வங்கிக்காரர் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.

கடைசியாகச் சித்தியின் மகள். மணப்பெண்ணுக்குச் சும்மா செய்யுங்கள். எப்படியும் கல்யாணத்துக்கு ஒரு என்வலப் வைக்கத்தானே போகிறீர்கள், அதில் 3,500ஐக் குறைத்துவிட்டு வையுங்கள். கொப்பியிலும் அன்பளிப்பு என்று எழுதுங்கள். மருதாணியோடு கையை மட்டும் படம் எடுக்க அவளிடம் கேட்டு வாங்குங்கள், உங்கள் முதல் விளம்பரம் அது. தோழிமாருக்கும் வேண்டுமாம் என்று சித்தி கோல் எடுத்தால், "ஓம் சித்தி" என்று சிரித்துவிட்டு விலைப் பட்டியலை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.